முதியோர் இல்லமும் ஆஸ்பத்திரி வாசலும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் வசித்துவந்த, முதியோருக்கான சர்க்கார் காப்புறுதித் திட்டமாகிய மெடிகேரின் பயனாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர் 2011-ஆம் நிதியாண்டில் ஒரு முறையேனும் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார் என்றும், அவ்வகையில் மெடிகேருக்கு நேர்ந்த செலவு 1,430 கோடி டாலர் என்றும், அந்நாட்டுச் சுகாதார இலாகாவின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம் 2013-இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று கூறிற்று. இங்கிலாந்தில் 2016-17-ஆம் ஆண்டில் இத்தகைய இல்லங்களிலிருந்து அவசர சிகிச்சைக்கென்று ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட தடவைகள் ஏறத்தாழ 1,92,000 என்றும், அவற்றுள் நூற்றுக்கு 41, இல்லத்திலேயே முன்கூட்டிக் கவனித்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய நோய்களின் பொருட்டு நேர்ந்தவை என்றும் ஹெல்த் பவுண்டேஷன் என்னும் ஆராய்ச்சி ஸ்தாபனம் கணித்தது. இவ்வளவு பெரிய போக்குவரத்து, தன் கால்களால் பத்தடி நடக்க இயலாத ஜனங்களைக் கொண்டு நடைபெறுகிறது என்பதை நினைக்கும்போது, இதில் எத்தனை பிரயாணம் அவர்களுக்குப் பிரயோஜனப்பட்டது, எத்தனை அவர்களுக்குத் தீங்காகவே முடிந்தது என்று விசாரிப்பது அவசியமாகிறது.

அந்த இல்லங்களில் இருப்பவர்கள் யார் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நலம். தனிமைக்கு அஞ்சியோ, ஓய்வுக் காலத்தைச் சௌகரியமாகக் கழிக்க எண்ணியோ வந்து தங்கியவர்கள் அல்லர் அவர்கள். குளிக்கவும் உடுக்கவும் பிறர் கையை எதிர்பார்த்து, இருதய பலவீனம், நீரிழிவு, பக்கவாதம் என்று இரண்டு மூன்று வியாதிகளை ஒருங்கே சுமந்து, பலர் மறதி நோயால் தம் பிள்ளைகளின் பெயரையும் இழந்து, பெரும்பாலோர் அங்கேயே தம் நாட்களை முடிக்கப்போகிறவர்கள். அவர்களுக்கு ஜுரம் வருவதும், மூச்சு வாங்குவதும், சாப்பாடு செல்லாமற்போவதும், தடுக்கி விழுவதும் அபூர்வமான நிகழ்ச்சிகள் அல்ல. எந்த வாரத்திலும் எந்தக் கட்டிலிலும் எதிர்பார்க்கத் தக்கவை. எதிர்பார்க்கத் தக்க ஒரு விஷயத்தை எதிர்பாராத விபத்தைப் போல நடத்துவதுதான் இந்தப் பிரச்னையின் வேர் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆஸ்பத்திரிக்குப் போவதில் என்ன கெடுதல் வந்துவிடும் என்று கேட்பவர்கள், அந்தப் பிரயாணத்தைக் கட்டிலருகே நின்று பார்க்காதவர்கள். இரவு இரண்டு மணிக்கு, எண்பத்தெட்டு வயதான மறதி நோயாளி ஒருவரை, இருவர் விரிப்போடு தூக்கி ஸ்ட்ரெச்சரில் கிடத்துகிறார்கள். காது கேட்கும் கருவி மேஜை மேலும், பல்செட் கிண்ணத்திலும், கண்ணாடி தலையணை அடியிலும் தங்கிவிடுகின்றன. ஆம்புலன்ஸில் குலுங்கிக்கொண்டு போய், கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சத்தில், அவசர சிகிச்சைப் பிரிவின் தாழ்வாரத்தில், குறுகிய தள்ளுவண்டியின் மேல் மணிக்கணக்கில் காத்திருக்கும் அந்த மூதாட்டிக்குத் தாம் இருக்கும் இடமும் தெரியாது, தம்மைத் தொடுகிறவர் பேசுவதும் கேட்காது. அவர் வழக்கமாகவே இப்படித் தடுமாறுகிறவரா, இன்றுதான் இப்படி ஆனாரா என்று கேட்கும் டாக்டருக்குப் பதில் சொல்ல உடன் வந்தவர் ஒருவரும் இல்லை. இல்லத்திலிருந்து வந்த காகிதத்தில் மருந்துகளின் பெயர்கள் இருக்கும், மனிதரைப் பற்றி ஒரு வரியும் இராது. கலக்கமுற்று எழ முயன்றால் விழுந்துவிடுவார் என்று தூக்க மருந்து கொடுக்கிறார்கள். எழாதவருக்குச் சிறுநீர்க் குழாய் பொருத்துகிறார்கள். குழாயினால் தொற்று உண்டாகிறது. ஒரே பக்கமாகக் கிடந்ததால் இடுப்பில் புண் காண்கிறது. வந்த நோய் தீர்ந்து ஒரு வாரத்தில் இல்லத்துக்குத் திரும்பும்போது, முன்பு ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரை நடந்தவர், இனி இருவர் தூக்கினாலன்றி நகரமாட்டாதவராக வந்து சேர்கிறார். ஆஸ்பத்திரிப் படுக்கையே முதியோரின் உடலுக்கு எவ்வாறு அபாயமாகிறது என்பதை மார்ட்டன் கிரெடிட்டர் என்ற வைத்தியர் 1993-இல் வரிசைப்படுத்தி எழுதியபின், அதனை மறுத்தவர் அதிகம் இல்லை.

இனி, "அநாவசியம்" என்று எதனைச் சொல்வது? இடுப்பெலும்பு முறிந்தவரையும், குடலில் அடைப்பு ஏற்பட்டவரையும் இல்லத்திலேயே வைத்துக்கொள்ளச் சொல்பவர் எவருமிலர். சிக்கல் இடைப்பட்ட கூட்டத்தில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், டெப்ரா சலிபா முதலானோர் நோயாளிகளின் ஏடுகளை அனுபவமுள்ள வைத்தியர்களைக் கொண்டு பரிசோதித்தபோது, அவசரப் பிரிவுக்கு அனுப்பப்பட்டவற்றில் நூற்றுக்கு 36-உம், படுக்கையில் சேர்க்கப்பட்டவற்றில் நூற்றுக்கு 40-உம் தகாதவை என்று முடிவாயின. ஜார்ஜியா மாநிலத்து இல்லங்கள் 20-இலிருந்து சேர்க்கப்பட்ட 200 பேரின் ஏடுகளை ஜோசப் அவுஸ்லாண்டர் குழுவினர் ஆராய்ந்து 2010-இல் அறிவித்த கணக்கு இன்னும் கடுமையானது: நூற்றுக்கு 67 தவிர்த்திருக்கக் கூடியவை. இந்த எண்கள் ஒன்றோடொன்று பொருந்தாமைக்குக் காரணம் உண்டு. நிகழ்ந்து முடிந்தபின், பகல் வெளிச்சத்தில் ஏட்டைப் புரட்டும் நிபுணருக்குத் தெரிவது, இரவில் தனியே நிற்கும் நர்ஸுக்குத் தெரிவதில்லை. அன்றியும் "தவிர்த்திருக்கலாம்" என்ற அந்தத் தீர்ப்பில், இல்லத்தில் நல்ல நர்ஸும், உடனே வரக்கூடிய டாக்டரும், இரத்தப் பரிசோதனைக்கு வசதியும் இருந்திருந்தால் என்னும் நிபந்தனை மறைந்து நிற்கிறது. அந்த வசதிகள் இல்லாத இடத்தில், அனுப்பியதே சரி என்று கொள்ளவேண்டிய சந்தர்ப்பங்கள் பல உண்டு. ஆகவே, ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய நர்ஸைக் குற்றவாளியாக நிறுத்துவது நியாயமாகாது. அவரை அந்த நிலையில் நிறுத்தி வைத்த ஏற்பாட்டைத்தான் விசாரிக்கவேண்டும்.

அந்த ஏற்பாடு அமெரிக்காவில் எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஓர் இல்லத்தில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் தொடர்ந்து பதிவு பெற்ற நர்ஸ் ஒருவர் இருந்தால் போதும். மற்ற பதினாறு மணி நேரம் அவரைவிடக் குறைந்த பயிற்சி பெற்ற உரிம நர்ஸ் பொறுப்பை ஏற்கலாம். டாக்டரோ, முதல் மூன்று மாதம் கழிந்தபின், அறுபது நாளைக்கு ஒரு முறை வந்து பார்த்தால் விதி நிறைவேறிவிடும். இருபத்துநாலு மணி நேரமும் பதிவு பெற்ற நர்ஸ் இருக்கவேண்டும் என்று 2024-இல் மத்திய சர்க்கார் வகுத்த விதியை, 2025 ஏப்ரலில் டெக்ஸாஸிலுள்ள மத்திய நீதிமன்றம் ஒன்று தள்ளுபடி செய்துவிட்டது. இதன் விளைவைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இரவில் ஒருவருக்கு ஜுரம் காண்கிறது. உரிம நர்ஸ் தொலைபேசியில் கூப்பிடுகிறார். எடுத்துப் பேசுகிறவர், அந்த நோயாளியை ஒரு நாளும் பார்த்தறியாத, முறைக்குப் பணியிலிருக்கும் வேறொரு டாக்டர். நாடித் துடிப்பு எவ்வளவு, நேற்று எப்படி இருந்தார், என்ன சாப்பிட்டார் என்ற கேள்விகளுக்குத் திட்டமாகப் பதில் வராதபோது, தூக்கக் கலக்கத்திலிருக்கும் அவர் சொல்லக்கூடிய பத்திரமான வார்த்தை ஒன்றே ஒன்றுதான்: "ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடு." அனுப்பியதற்காக அவரை எவரும் கேள்வி கேட்கமாட்டார், அனுப்பாமல் ஏதேனும் நேர்ந்துவிட்டால் வக்கீல், கண்காணிப்பு அதிகாரி, நோயாளியின் குடும்பத்தார் மூவரும் வாசலில் நிற்பார்கள்.

பயத்துக்குத் துணையாகப் பணமும் நிற்கிறது. 1965-இல் ஒன்றாகப் பிறந்த மெடிகேர், மெடிகெய்ட் என்னும் இரு திட்டங்களில், ஆஸ்பத்திரிச் செலவையும் அதன்பின் குறுகிய காலப் பராமரிப்பையும் மெடிகேர் ஏற்கிறது. கையில் பொருளற்று நெடுங்காலம் இல்லத்தில் தங்குவோரின் செலவை, மாநிலங்களும் மத்திய சர்க்காரும் சேர்ந்து நடத்தும் மெடிகெய்ட் ஏற்கிறது. மெடிகெய்ட் தரும் தினக்கட்டணம் சொற்பம். மெடிகேர் தருவது அதைவிட மிக அதிகம். ஆனால் மெடிகேரின் கட்டணம் இல்லத்துக்குக் கிடைக்கவேண்டுமானால், நோயாளி முன்னதாக ஆஸ்பத்திரியில் மூன்று நாள் உள்நோயாளியாக இருந்திருக்கவேண்டும் என்பது நிபந்தனை. இதன் கூட்டுப்பலனை யோசித்துப் பாருங்கள். நிமோனியா கண்ட கிழவரை இல்லத்திலேயே வைத்து, கூடுதல் நர்ஸும் மருந்தும் கொடுத்துக் குணப்படுத்தினால், செலவு இல்லத்துக்கு, மிச்சமோ மெடிகேருக்கு. அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால், இல்லத்துக்குச் செலவும் இல்லை, திரும்பி வரும்போது நூறு நாள் வரை உயர்ந்த கட்டணமும் கிடைக்கக்கூடும். போதாக்குறைக்குச் சில மாநிலங்களில், அவர் ஆஸ்பத்திரியிலிருக்கும் நாட்களுக்கு, காலிக் கட்டிலைக் காத்து வைத்ததற்காகவும் மெடிகெய்ட் பணம் தந்தது. அத்தகைய மாநிலங்களில் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது அதிகமாயிருந்ததை ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். கிருமிப் பரவலின் நிமித்தம் 2020 மார்ச் முதல் 2023 மே வரை அந்த மூன்று நாள் நிபந்தனை நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அபாயம் நீங்கியதும் பழைய விதி பழையபடி வந்து அமர்ந்துகொண்டது. இந்த ஏற்பாட்டை எவரும் கெட்ட எண்ணத்தோடு வகுக்கவில்லை. இரு திட்டங்கள் தத்தம் கணக்கைத் தனித்தனியே எழுதியதால் வந்த வினை இது.

பரிகாரங்களில் பழையதும், என் அபிப்பிராயத்தில் இன்றைக்கும் மேலானதும், மினசோட்டா மாநிலத்தில் 1987-இல் இரண்டு நர்ஸுகள் தொடங்கிய எவர்கேர் என்னும் முறை. உயர்பயிற்சி பெற்று, நோயைக் கண்டறியவும் மருந்து எழுதவும் அதிகாரம் பெற்ற நர்ஸ் ஒருவர், இல்லத்திலுள்ள நோயாளிகளை வாடிக்கையாகப் பார்த்துவருவார். ஒருவருக்கு உடல் நலம் கெட்டால் அங்கேயே தீவிரமாகக் கவனிப்பதற்காக இல்லத்துக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. ஆஸ்பத்திரிச் செலவும் இல்லச் செலவும் ஒரே காப்புறுதியின் பையிலிருந்து போவதால், ஒன்றில் மிச்சப்பட்டதை மற்றொன்றில் செலவிடலாம். ராபர்ட் கேனும் அவர் கூட்டாளிகளும் 2003-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், இம்முறைக்கு உட்பட்டோர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தது மற்றவர்களில் ஏறத்தாழப் பாதியே என்று தெரிந்தது. ஒரே முயற்சியில் ஆளும் அதிகாரமும் பணமும் சேர்ந்து வந்ததை வாசகர் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னால் வந்த முயற்சிகள் பெரும்பாலும் இம்மூன்றில் ஒன்றையோ இரண்டையோ மட்டும் எடுத்துக்கொண்டு புறப்பட்டவை.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஹாமில்டன் நகரையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த 22 இல்லங்களில் மார்க் லோப் என்ற வைத்தியர் நடத்தி, 2006-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியிட்ட பரிசோதனை, ஒற்றை நோயைப் பற்றியதாயினும் நின்று கவனிக்கத் தக்கது. நிமோனியாவும் சுவாசப் பாதையின் பிற தொற்றுகளுமே அதன் விஷயம். இல்லங்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவில் வழக்கமான வைத்தியமும், மற்றொன்றில் திட்டமாக எழுதப்பட்ட ஒரு முறையும் அனுசரிக்கப்பட்டன. இருமலும் ஜுரமும் கண்டவருக்கு நர்ஸ் நாடியையும், இரத்த அழுத்தத்தையும், மூச்சின் எண்ணிக்கையையும், இரத்தத்திலுள்ள பிராணவாயுவையும் அளந்து பார்ப்பார். எக்ஸ்ரே இயந்திரம் இல்லத்துக்கே கொண்டுவரப்படும். மூச்சு நிமிடத்துக்கு முப்பதைத் தொடாமலும், பிராணவாயு மிகக் குறையாமலும், நோயாளி வாயால் உண்ணவும் பருகவும் கூடியவராகவும் இருந்தால், மாத்திரையாகவே நுண்ணுயிர்க் கொல்லி மருந்து கொடுத்து, உடலில் நீர் குறைந்திருந்தால் தோலடியில் மெல்ல நீர் ஏற்றி, அங்கேயே வைத்துக்கொள்வது. இந்த எல்லைகளை மீறினால் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது. வழக்கமான வைத்தியம் பெற்ற 353 பேரில் 76 பேர், அதாவது நூற்றுக்கு 22, ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். புதிய முறையில் 327 பேரில் 34 பேர், நூற்றுக்குப் பத்தே. இறந்தோர் விகிதத்திலும், தேறியோரின் வாழ்க்கை நலத்திலும் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. செலவு மட்டும் தலைக்கு ஆயிரம் டாலருக்குமேல் மிச்சப்பட்டது. எப்பொழுது அனுப்பக்கூடாது என்பதோடு, எப்பொழுது அனுப்பியே தீரவேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதி வைத்ததுதான் இதன் சிறப்பு. நர்ஸின் பயத்தைப் போக்குவது உபதேசம் அன்று, இத்தகைய எல்லைக்கோடே.

அவுஸ்லாண்டர் முன்னின்று உருவாக்கிய இன்டராக்ட் என்னும் திட்டம் உலகமெங்கும் பெயர் பெற்றது. அதன் கருவிகள் எளியவை. குளிப்பாட்டுகிற, ஊட்டுகிற உதவிப் பணியாளர், "இன்றைக்கு இவர் வழக்கம்போல் இல்லை, பேச்சு குறைந்திருக்கிறது, பாதிச் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டார்" என்று கண்டதை ஒரு சீட்டில் குறித்து நர்ஸிடம் கொடுப்பது. நர்ஸ் டாக்டரோடு பேசுமுன் நிலைமை, பின்னணி, தம் மதிப்பீடு, தாம் வேண்டுவது ஆகிய நான்கையும் எழுதி வைத்துக்கொண்டு பேசுவது. அனுப்பிய ஒவ்வொருவரைப் பற்றியும் பிற்பாடு கூடி ஆராய்வது. நோயாளியை மிக நெருங்கிப் பழகுகிறவரும், சம்பளத்தில் மிகக் கடைசியில் நிற்பவருமான உதவிப் பணியாளரின் கண்ணுக்கு ஒரு மதிப்பு அளித்தது இத்திட்டம். அதற்காகவே இதை மெச்சவேண்டும். 25 இல்லங்களில் ஆறு மாதம் நடந்த முதற்பரீட்சையில் ஆஸ்பத்திரிச் சேர்க்கை நூற்றுக்கு 17 குறைந்தது என்று 2011-இல் அறிவிக்கப்பட்டது. ஆயினும், 85 இல்லங்களைச் சீட்டுப்போட்டுப் பிரித்து முறைப்படி நடத்திய பரிசோதனையின் முடிவு 2017-இல் வெளிவந்தபோது, பயிற்சி பெற்ற இல்லங்களுக்கும் பெறாதவற்றுக்கும் நம்பத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. முதற்பரீட்சையிலேயே இதற்கு ஒரு சூசகம் இருந்தது: முழு மனத்தோடு ஈடுபட்ட இல்லங்களில் நூற்றுக்கு 24-உம், பெயரளவில் ஈடுபட்டவற்றில் ஆறுமே குறைந்திருந்தன. சீட்டும் படிவமும் வேலை செய்வதில்லை. அவற்றை வாங்கிப் படித்து, உடனே எழுந்துபோய் நோயாளியைப் பார்க்கக்கூடிய ஒருவர் இருந்தால்தான் அவை வேலை செய்கின்றன. ஆண்டு முடிவதற்குள் பாதி ஊழியர்கள் மாறிவிடுகிற இல்லத்தில், சென்ற வருஷம் கொடுத்த பயிற்சி யாரிடம் இருக்கும்?

இந்த ஐயத்தைத் தீர்க்கவே நடத்தியதுபோல் அமைந்தது, மெடிகேர், மெடிகெய்ட் இலாகா 2012-இல் தொடங்கிய பெருமுயற்சி. அலபாமா, இந்தியானா, மிசூரி, நெப்ராஸ்கா, நெவாடா, நியூயார்க், பென்ஸில்வேனியா ஆகிய ஏழு மாநிலங்களில் ஏழு ஸ்தாபனங்கள் தத்தமக்குத் தோன்றிய முறையைக் கைக்கொண்டன. சில, வெளியிலிருந்து ஆலோசனை சொல்லியும் பயிற்சி வகுப்பு நடத்தியும் வந்தன. வேறு சில, இல்லத்துக்குள்ளேயே நர்ஸை அமர்த்தின. பலன் மிகத் தெளிவாகக் கண்ட இடங்கள் மிசூரியும் இந்தியானாவும். மிசூரியில் பல்கலைக் கழகத்தார் ஒவ்வோர் இல்லத்துக்கும் உயர்பயிற்சி நர்ஸ் ஒருவரை முழுநேரமும் இருத்தியிருந்தார்கள், இந்தியானாவிலும் நர்ஸுகள் இல்லங்களிலேயே நின்று பணி செய்தார்கள். 2016 முதல் 2020 வரை நடந்த இரண்டாம் கட்டத்தில் பணத்தின் வல்லமை சோதிக்கப்பட்டது. நிமோனியா, இருதயச் செயலிழப்பு, நாட்பட்ட சுவாசக் கோளாறு, தோல் தொற்று, நீர்வறட்சி, சிறுநீர்த் தொற்று ஆகிய ஆறையும் இல்லத்திலேயே வைத்துப் பார்த்தால் தனிக்கட்டணம் என்று அறிவித்து, சில இல்லங்களுக்குக் கட்டணம் மட்டும், சிலவற்றுக்கு ஆளும் கட்டணமும் அளித்தார்கள். கட்டணம் மட்டும் பெற்ற இல்லங்களில், ஆஸ்பத்திரிச் சேர்க்கை அதனால் குறைந்தது என்று சொல்ல உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. பணம் கட்டிலருகே வந்து நாடி பிடிப்பதில்லை அல்லவா?

இதே பாடத்தை நெதர்லாந்து வேறொரு வழியில் கற்றிருந்தது. இல்லத்து முதியோரைப் பார்ப்பதே தொழிலாகக் கொண்ட வைத்தியரை அந்நாடு 1990-இலேயே ஒரு தனித்துறை நிபுணராக அங்கீகரித்து, அவரை இல்லத்தின் ஊழியராகவே அமர்த்திக்கொண்டது. இங்கிலாந்தில் தொண்டு ஸ்தாபனங்களும் உள்ளூர் வைத்தியர்களும் சேர்ந்து நாட்டிங்ஹாம்ஷயரின் ரஷ்கிளிஃப் பகுதியில் நடத்திய ஏற்பாட்டில், ஓர் இல்லத்துக்கு ஒரு வைத்திய நிலையம் என்று இணைத்து, அந்த டாக்டர் முறையாக வந்து பார்த்துவந்ததில், ஒத்த நிலையிலுள்ள மற்றவர்களைக்காட்டிலும் அவசரச் சேர்க்கை நூற்றுக்கு 23 குறைவாயிருந்தது. 2020 முதல் நாடெங்கும் வாரம் ஒரு முறை இல்லத்தைச் சுற்றிப் பார்க்கும் கடமை உள்ளூர் வைத்திய அமைப்புகளுக்கு விதிக்கப்பட்டிருக்கிறது. லண்டனைச் சேர்ந்த சட்டன் பகுதியார் கண்ட சிவப்புப் பையையும் இங்கே சொல்லவேண்டும். அனுப்பித்தான் ஆகவேண்டும் என்ற நிலையில், மருந்து விவரம், கண்ணாடி, பல்செட், காதுக் கருவி, மாற்றுடை, இவர் எதற்கு அஞ்சுவார், எப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார் என்ற குறிப்பு யாவும் அந்தப் பைக்குள் நோயாளியோடு பயணம் செய்யும். பை பயணத்தைத் தடுப்பதில்லை. ஆனால் போனவர் விரைவில் திரும்புவதற்கு அது உதவுகிறது.

மரணம் நெருங்கியவர்களின் விஷயம் தனியே ஆராயத் தக்கது. பாஸ்டன் வட்டாரத்து 22 இல்லங்களில், முற்றிய மறதி நோய் கொண்ட 323 பேரைப் பதினெட்டு மாதம் தொடர்ந்து கவனித்த சூசன் மிட்செல் குழுவினர், அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அக்காலத்துக்குள் இறந்தனர் என்றும், நிமோனியா கண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஆறு மாதத்துக்குள் மறைந்தனர் என்றும் 2009-இல் எழுதினார்கள். மறதி நோய் முடிவில் உயிரைக் கொள்ளும் வியாதியே என்பதை உணர்ந்திருந்த குடும்பங்கள், கடைசி நாட்களில் தம் முதியவரை ஆஸ்பத்திரிக்கும் ஊசிக்கும் குழாய்க்கும் அலைக்கழிப்பது வெகுவாகக் குறைந்திருந்தது. அத்தகைய நோயாளிகளைக் கடைசிக் காலத்தில் அநியாயமாக இடம் மாற்றுவது அலாஸ்காவில் நூற்றுக்கு இரண்டு, லூயிசியானாவில் முப்பத்தேழுக்கு மேல் என்று 2011-இல் வந்த கணக்கைப் பார்க்கும்போது, மாநில எல்லையைக் கடந்தால் நோயின் தன்மை இப்படி மாறிவிடுமா என்று வியக்கத் தோன்றுகிறது. மாறுவது நோயன்று, வழக்கம்தான். ஒன்டாரியோவில் ஆறு இல்லங்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவில் முதியோரிடமும் குடும்பத்தாரிடமும் அவர்கள் விருப்பத்தை முன்கூட்டியே விவரமாகக் கேட்டு எழுதி வைத்த வில்லியம் மொல்லாய், 2000-இல் அறிவித்தபடி, ஆஸ்பத்திரிச் சேர்க்கை மற்றப் பிரிவில் தலைக்கு 0.48 ஆயிருக்க, இப்பிரிவில் 0.27-ஆகவே இருந்தது; இறப்பு கூடவில்லை. "எல்லாம் செய்யுங்கள்" என்று பிள்ளைகள் சொல்வது பெரும்பாலும் அன்பினால்; "எல்லாம்" என்பதில் என்னென்ன அடங்கும் என்று அவர்களுக்கு ஒருவரும் உட்கார்ந்து விளக்காததும் அதற்குக் காரணம்.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் விடுவது தர்மமாகாது. அனுப்புவதைக் குறைப்பது என்ற நல்ல கொள்கை, கவனிக்காமல் விடுவது என்ற கொடுமையின் முகமூடியாகவும் ஆகக்கூடும். 2020-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலத்தில் ஸ்வீடனின் சுகாதாரக் கண்காணிப்பு நிறுவனம் நடத்திய விசாரணையில், இல்லங்களில் நோய் கண்ட முதியோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு டாக்டர் ஒருவர் தனித்துப் பரிசீலித்துச் சொன்ன தீர்மானமே இல்லை என்று வெளியாயிற்று. ஒன்டாரியோவில் ஐந்து இல்லங்களுக்கு உதவிக்குச் சென்ற ராணுவத்தார் அந்த ஆண்டு மே மாதத்தில் எழுதிய அறிக்கை, பசியும் அழுக்கும் படுக்கைப் புண்ணுமாகக் கிடந்த முதியோரைப் பற்றியது. அவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பாததில் எந்தச் சிறப்பும் இல்லை. இல்லத்தில் சிகிச்சை கிடைக்கும் என்ற உறுதி இருந்தாலன்றி, அனுப்பாதிருப்பதை ஒரு சாதனையாகக் கணக்கெழுதக் கூடாது. அதனால்தான், ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்களின் மறுசேர்க்கை விகிதம் குறைந்தால் வெகுமதி, கூடினால் அபராதம் என்று மெடிகேர் 2018 முதல் நடத்திவரும் ஏற்பாட்டை நான் முழுமனத்தோடு வரவேற்கத் தயங்குகிறேன். எண்ணைக் குறைப்பதற்கு நர்ஸை அமர்த்துவது ஒரு வழி, நோயாளிக்கு இடம் மறுப்பது அதைவிடச் சுலபமான வழி.

ஒன்டாரியோவைப் பற்றிப் பேசும்போது நம்மவரை மறப்பதற்கில்லை. 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து குடிபெயர்ந்த தமிழர்களின் தாய் தந்தையர், இன்று டொரன்டோவின் ஸ்கார்பரோ போன்ற பகுதிகளில் முதுமையின் எல்லையில் இருக்கிறார்கள். அந்த மாகாணத்தில் இல்லங்களில் பதிவு பெற்ற நர்ஸ் ஒருவர் எந்நேரமும் இருக்கவேண்டும் என்ற சட்டம் உண்டு. அமெரிக்காவைக்காட்டிலும் அது மேலானது. ஆனால் மறதி நோய் முற்றுகையில், பிற்காலத்தில் கற்ற ஆங்கிலம் முதலில் உதிர்ந்துபோய், தாய்மொழி மட்டுமே நாவில் நிற்கிறது. "நெஞ்சுக்க அடைக்குது" என்று யாழ்ப்பாணத்துப் பாட்டி முனகுவது, இருதய நோயா, சோறு விழுங்கிய சங்கடமா, மகனை நினைத்த ஏக்கமா என்று அறியமாட்டாத நர்ஸ், ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதைத் தவிர வேறென்ன செய்வார்? இரவுப் பணியில் தமிழ் தெரிந்த ஊழியர் ஒருவர் இருப்பது அங்கே பண்பாட்டுச் சலுகை அல்ல; வைத்தியத்தின் ஓர் அங்கம்.

ஆராய்ச்சிகள் யாவற்றையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால், என் தீர்ப்பு இதுதான்: தகுதியும் அதிகாரமும் கொண்ட ஒருவரைக் கட்டிலருகே நிறுத்திய முயற்சிகள் வென்றிருக்கின்றன, படிவத்தையோ பணத்தையோ மட்டும் நம்பியவை பெரும்பாலும் தோற்றிருக்கின்றன. சர்க்கார்கள் இதை உணர்ந்து விதி வகுக்கும்வரை காத்திருக்க முடியாதவர்கள், பெற்றோரை இத்தகைய இல்லத்தில் சேர்க்கவேண்டிய நிர்ப்பந்தத்திலுள்ள பிள்ளைகள். அவர்கள் தோட்டத்தையும் தரைக்கல்லையும் பார்த்து மயங்காமல், நிர்வாகியிடம் கேட்கவேண்டியவை சில உண்டு. இரவு பத்து மணிக்குமேல் இந்தக் கட்டடத்தில் பதிவு பெற்ற நர்ஸ் இருப்பாரா? டாக்டர் நேரில் வந்து பார்க்க எத்தனை நேரமாகும்? தோலடியில் நீர் ஏற்றவும் இரத்தம் எடுத்துப் பரிசோதிக்கவும் இங்கே வழி உண்டா? சென்ற ஆண்டு எத்தனை பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினீர்கள், அனுப்பியபின் அதைப் பற்றி உட்கார்ந்து ஆலோசித்தீர்களா? இவற்றுக்குத் தயக்கமின்றிப் பதில் வருகிற இல்லத்தையே தேர்ந்துகொள்ளுங்கள். அதோடு, எந்த நிலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும், எந்த நிலையில் வேண்டாம் என்பதைத் தாயிடமும் தந்தையிடமும், அவர்கள் தாமே சொல்லக்கூடிய தெளிவோடு இருக்கும்போதே கேட்டு, எழுதி, இல்லத்து ஏட்டில் ஒரு பிரதி சேர்த்துவிடுங்கள்.